பாக்கியத்தை அனுப்பவில்லை

சுந்தரத்துக்கு அப்பா எழுதுவது.

நலம் விசாரித்து ஆரம்பிப்பதுதான் வழக்கம். இன்று அந்த வரியை எழுதக் கை வரவில்லை. பாக்கியம் இங்கே இருக்கிறாள். வியாழக்கிழமை மதியம், நானும் அம்மாவும் சாப்பாட்டுக்கு உட்காரப்போகும் நேரத்தில், ஸ்டேஷன் பக்கமிருந்து வெயிலில் நடந்து வந்தாள். யோங் பெங்கில் பஸ் மாறி வந்திருக்கிறாள். கையில் துணிமூட்டைகூட இல்லை. முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள். வெற்றிலைச் சாறு என்று நினைத்தேன். அம்மா எழுந்துபோய் முந்தானையை விலக்கிப் பார்த்தபோதுதான் கீழுதடு இரண்டாகப் பிளந்து தொங்குவது தெரிந்தது. கழுத்தில் உன் கைவிரல்கள் ஐந்தும் பதிந்திருந்தன. இடது மணிக்கட்டு பன் மாதிரி வீங்கியிருந்தது. எஸ்டேட் ஆஸ்பத்திரியை விட்டு வந்த பிறகு ஊசியைத் தொடாத நான், என் பழைய பெட்டியைத் திறந்து, ஊசியைக் கொதிக்கவைத்து, நம் வீட்டு மருமகளின் உதட்டில் நான்கு தையல் போட்டேன். மரத்துப்போகச் செய்ய மருந்து இல்லை. அம்மா அவள் தலையை மடியில் பிடித்துக்கொண்டாள். நான்கு தையலுக்கும் அந்தப் பெண் சத்தம் போடவில்லை. சத்தம் போடாமல் இருக்க அவளுக்கு யார் கற்றுக்கொடுத்திருப்பார்கள் என்று எண்ணிக்கொண்டேதான் முடிச்சுப் போட்டேன்.

உலு திராமில் அவளுடைய அண்ணன் இருக்கும்போது இங்கே ஏன் வந்தாள் என்று கேட்டேன். "அண்ணன் சோறு போட்டுட்டு மறுநாளே திருப்பிக் கொண்டுபோய் விட்டுடுவாரு மாமா. கல்யாணத்தன்னிக்கு அத்தை எங்கிட்டச் சொன்னாங்க, அவன் கை நீட்டினா பஸ் ஏறி நேரா எங்கிட்ட வான்னு" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தாலி கட்டி ஒரு மணி நேரம்கூட ஆகாத பெண்ணின் காதில் உன் அம்மா சொன்ன முதல் சொல் அது. உன்னைப் பெற்றவள் உன்னிடம் எதையோ பார்த்திருக்கிறாள். நான் பார்க்கவில்லை, அல்லது பார்க்க விரும்பவில்லை. நேற்று உன் தந்தி வந்தது. "பாக்கியத்தை உடனே அனுப்பவும்" என்று மூன்றே சொல். இந்தக் கடிதம் அதற்குப் பதில். அனுப்ப மாட்டோம். ஏன் என்பதற்கு நான் பத்தொன்பது வருஷம் பின்னால் போக வேண்டும். உனக்கு அப்போது ஐந்து வயது. உனக்குத் தெரியாதது அதில் நிறைய உண்டு. தெரிந்தும் நீ மறந்திருக்கக்கூடியது ஒன்று உண்டு.

அப்போது நாம் லாபிஸிலிருந்து ஏழு மைல் உள்ளே இருந்த ரப்பர் தோட்டத்தில் குடியிருந்தோம். நான் அங்கே டிரெஸ்ஸர். தோட்டத்துக்கு டாக்டர் மாதம் ஒருமுறைதான் வருவார். மற்ற நாட்களில் காய்ச்சல், வயிற்றுக்கடுப்பு, பாம்புக்கடி, பிரசவம் எல்லாவற்றுக்கும் நான்தான். காலையில் பெரட்டில் பேர் கூப்பிட்டு முடிந்து ஆட்கள் பால் வெட்டப் போனதும் ஆஸ்பத்திரியைத் திறப்பேன். கொஞ்ச நேரத்தில் அடிபட்டவர்கள் வருவார்கள். பெரட்டுக்குப் பிந்தி வந்தவனைக் கங்காணி பிரம்பால் விளாசியிருப்பான். மரத்தில் காயம் படும்படி வெட்டியவனைச் சின்னத் துரை பூட்ஸ் காலால் உதைத்திருப்பார். முதுகுத்தோல் வார் வாராகக் கிழிந்தவனுக்கு மருந்து போட்டிருக்கிறேன். காது சவ்வு கிழிந்தவர்கள், பல் உதிர்ந்தவர்கள், ஒருமுறை கண்ணே வெளியில் வந்தவன் என்று எத்தனையோ பேர். ஆஸ்பத்திரிப் புத்தகத்தில் காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அதில் "அடி" என்று எழுதினேன். பெரிய துரை என்னைக் கூப்பிட்டு, "டிரெஸ்ஸர், இந்தத் தோட்டத்தில் யாரும் யாரையும் அடிப்பதில்லை, வழுக்கி விழுகிறார்கள்" என்றார். அன்றிலிருந்து ஏழு வருஷம் அந்தக் கட்டத்தில் "விழுந்தது" என்றே எழுதினேன். ஆட்கள் குடியிருந்த லயத்தில் புருஷன்மார் அடித்துக் கூட்டிவரும் பெண்களுக்கும் அதையே எழுதினேன். வசதியான சொல். யாருக்கும் தொந்தரவில்லை.

மத்தியானம் ஆஸ்பத்திரியைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்து நானும் உன் அம்மாவை அடிப்பேன். தினமும் இல்லை. வாரத்துக்கு ஒன்று, சில வாரம் இரண்டு. சோறு குழைந்தது, நீ அழுதாய், துரை என்னை நிற்கவைத்துப் பேசினார், இப்படி ஏதாவது ஒன்று. கையால் அடிப்பேன். கை வலித்தால் கையில் கிடைத்ததால் அடிப்பேன். பிறகு நானே அவளுக்கு மருந்து போடுவேன். என் கையால் ஆன காயத்துக்கு என் கையாலேயே கட்டுப் போடும்போது, எவ்வளவு நல்லவன் நான் என்றுகூட ஒரு நினைப்பு வரும். எழுதவே கூசுகிறது. ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் நீயும் பாக்கியத்துக்கு அடித்த மறுநாள் காலையில் மஞ்சள் அரைத்துக் கொண்டுவந்து கொடுத்தாயாமே.

இதற்கிடையில் நான் பெரிய பக்திமான். தோட்டத்து மாரியம்மன் கோயிலில் ஒவ்வொரு வருஷமும் தீ மிதிப்பவர்களில் நான்தான் முதல் ஆள். பத்து நாள் விரதம், கழுத்தில் மாலை, மஞ்சள் வேட்டி. அந்தப் பத்து நாளும் உன் அம்மாவைத் தொட மாட்டேன், அடிக்கவும் மாட்டேன். நெருப்பைக் கடந்து அந்தப் பக்கம் பால் குழியில் காலை வைத்ததும் லயத்துச் சனங்கள் காலில் விழுவார்கள். கங்காணியே விழுவான். ஒரு வருஷத்துப் பாவமும் எரிந்துபோயிற்று என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றும். பாவம் எரிந்துவிட்டால் மறுநாளிலிருந்து புதிதாகத் தொடங்கலாம் அல்லவா, அப்படித்தான் தொடங்குவேன்.

அந்த வருஷம் தீமிதி சனிக்கிழமை. மறுநாள் ஞாயிறு, தோட்டத்துக்கு ஓய்வு நாள். காலையிலேயே அஞ்சலை நம் வீட்டுக்கு ஓடிவந்தாள். முனியன் என்ற பால் வெட்டுக்காரனின் மனைவி, இருபது வயதிருக்கும். தோட்டைப் பிடித்து இழுத்ததில் காது மடல் கிழிந்து தோள்வரை ரத்தம். உன் அம்மா அவளை உள்ளே உட்காரவைத்துக் கஞ்சி கொடுத்தாள். நான் விரதம் முடிந்த சந்தோஷத்தில் கள்ளுக்கடைக்குப் போய்விட்டு, மூன்று மங்கு கள் குடித்துவிட்டுத் திரும்பினேன். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். என்னிடம் விபூதி வாங்க இரண்டு மூன்று பேர் வந்து நின்றார்கள். மாலை நான்கு மணி இருக்கும், முனியன் வந்தான். வேட்டியை இறக்கிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "ஐயா, என் பொண்டாட்டி இங்க இருக்குதுன்னு சொன்னாங்க. கூட்டிட்டுப் போலாம்னு வந்தேன்" என்றான். அவ்வளவு மரியாதையாகப் பேசினான். உன் அம்மா கதவுக்கு நடுவில் வந்து நின்றுகொண்டாள். "இப்ப வேணாங்க. அவன் கண்ணப் பாருங்க. நாளைக்கு வரட்டும், தெளிஞ்சதும் வரட்டும்" என்றாள்.

நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முந்தின நாள் நெருப்பில் நடந்தவன் நான். பெண்டாட்டி என்னை மறித்துப் பேசுகிறாள். "புருஷன் கூப்பிடுறான், அத வெச்சுக்க நாம யாரு?" என்று சொல்லிவிட்டு, உன் அம்மாவின் கொண்டையைப் பிடித்து வாசலிலிருந்து ஓரமாக இழுத்துத் தள்ளினேன். உள்ளே போய் அஞ்சலையின் கையைப் பிடித்து எழுப்பினேன். அவள் முரண்டு பிடிக்கவில்லை. "ஐயா, இன்னிக்கு மட்டும்" என்று மட்டும் சொன்னாள். அவள் மணிக்கட்டை முனியனின் கையில் கொண்டுபோய் நானே கொடுத்தேன். கன்னிகாதானம் செய்வதுபோலக் கொடுத்தேன், சுந்தரம்.

இருபது அடி போயிருப்பார்கள். தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் செம்பருத்தி வேலி இருந்தது. வரும்போதே அதற்குள் பாராங் கத்தியைச் செருகி வைத்துவிட்டுத்தான் என்னிடம் கைகட்டி நின்றிருக்கிறான். அதை உருவி முதல் வெட்டைத் தோளில் போட்டான். அவள் தடுக்கக் கையைத் தூக்கினாள், இரண்டாவது வெட்டில் நான்கு விரல்கள் போயின. மூன்றாவது கழுத்தில். நான் ஓடினேன். மஞ்சள் வேட்டியை அவிழ்த்துக் கழுத்தில் வைத்து இரண்டு கையாலும் அழுத்தினேன். எங்கே அழுத்த வேண்டும் என்று எனக்குத் தெரியும், அதுதானே என் தொழில். ரத்தம் விரல் சந்துகளில் பீறிட்டு என் முகத்தில் அடித்தது, வாய்க்குள் போயிற்று. அவள் கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்துக்கொண்டே அடங்கினாள். முனியன் குழாயடித் திட்டில் உட்கார்ந்து கத்தியை மடியில் வைத்துக்கொண்டு, "இனி எங்கயும் ஓட மாட்டா" என்றான். யாருக்கோ சமாதானம் சொல்வதுபோலச் சொன்னான்.

நான் எழுந்து வீட்டுப் பக்கம் திரும்பினேன். உன் அம்மா தலைமுடி அவிழ்ந்து நின்றுகொண்டிருந்தாள். "அவன் வெட்டல. நீங்க குடுத்தீங்க" என்றாள். கத்தவில்லை. அவள் சொன்னது அவ்வளவுதான். நான் அந்த ரத்தக் கையாலேயே அவளை அடித்தேன். இடது காதில் மூன்று அடி. அந்தக் காது அன்றோடு போயிற்று. காய்ச்சலில் போனது என்று உன்னிடம் சொல்லி வைத்திருக்கிறோம். நீ படியிலிருந்து ஓடிவந்து என் காலைக் கட்டிக்கொண்டாய். "விடுப்பா, விடுப்பா" என்று அழுதாய். உதறினேன். நீ போய்க் கல் படியில் மோதினாய். உன் நெற்றியில், முடி தொடங்கும் இடத்தில் இருக்கும் தழும்பு ஊஞ்சலிலிருந்து விழுந்ததால் வந்ததல்ல. லயத்துச் சனங்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருவரும் என்னைத் தடுக்கவில்லை. தீ மிதித்த ஆள்.

அஞ்சலையை ஆஸ்பத்திரி மேசையில் கிடத்திக் கழுவியது நான்தான். போலீஸ்காரர் வருவதற்குள் காயங்களை எழுத வேண்டும். புது வெட்டுக்காயம் மூன்று. பழைய தழும்புகளை எண்ணத் தொடங்கி, பதினொன்றில் நிறுத்திவிட்டேன். புருவத்திலும் முழங்கையிலும் இருந்த தையல்கள் என் தையல்கள். பழைய புத்தகத்தைப் புரட்டினேன். இரண்டுக்கும் நேராக என் கையெழுத்தில் "விழுந்தது" என்றிருந்தது. மூவாரில் வழக்கு நடந்தபோது சாட்சிக் கூண்டில் ஏற்றி, முனியன் மனைவியை அடிப்பவன் என்று உமக்குத் தெரியுமா என்று கேட்டார்கள். சத்தியம் செய்த வாயின் ஈரம் காய்வதற்குள் தெரியாது என்றேன். அவனைத் தூக்கில் போட்டதாகப் பின்னால் கேள்விப்பட்டேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

அஞ்சலையைப் புதைத்த மறுநாள் காலை உன் அம்மா உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு லாபிஸ் வரை ஏழு மைலும் நடந்து, அங்கே பஸ் ஏறி, பத்து பாகாட்டில் இருக்கும் உன் மாமா வீட்டுக்குப் போய்விட்டாள். ஒரு மாதம் நான் தனியாகக் கிடந்தேன். குடித்தேன், வாந்தி எடுத்தேன், குவினைன் மாத்திரையை மறந்து மலேரியாக் காய்ச்சலில் விழுந்தேன். எழுந்து நடக்க முடிந்ததும் அவளைக் கூப்பிடப் போனேன். உன் மாமா, "மச்சான், அவ வரமாட்டேங்கிறா, நான் என்ன பண்றது" என்றார். உள்ளேயிருந்து அவளே வந்தாள். இடது பக்கம் கேட்காததால் தலையைத் திருப்பி வைத்துக்கொண்டு பேசினாள். "வரேன். ஆனா சும்மா வரல. தீ மிதிக்கிறத விட்டுடணும். அத மிதிச்சா எல்லாம் கழிஞ்சு போச்சுன்னு நினைக்கிறீங்க. நெருப்புல போடுறதுக்குப் பதிலா எங்கிட்டச் சொல்லுங்க. வாரத்துக்கு ஒரு நாள், ஞாயித்துக்கிழமை. விளக்கேத்தி வெச்சு உக்காந்து, அந்த வாரம் என்ன செஞ்சீங்க, என்ன குடிச்சீங்க, எப்ப கை ஓங்கினீங்க, எல்லாத்தையும் எழுதணும். எழுதினத எனக்குப் படிச்சுக் காட்டணும். எனக்குப் படிக்கத் தெரியாது, மாத்திப் படிச்சா உங்க முகத்துல தெரிஞ்சிடும்." ஒத்துக்கொண்டேன். வேறு என்ன செய்ய.

அந்த நோட்டுகள் எல்லாம் பரண்மேல் தகரப்பெட்டியில் இருக்கின்றன. முதல் ஞாயிறு நான் எழுதியது இவ்வளவுதான்: "குடிக்கவில்லை. புதன்கிழமை கை ஓங்கினேன், இறக்கினேன். குவினைன் மூன்று நாள் விட்டுப்போயிற்று. சாமி கும்பிடும்போது அஞ்சலை முகம் வருகிறது, கும்பிட முடியவில்லை." அதைப் படித்துக்காட்ட எனக்கு அரைமணி நேரம் ஆயிற்று. வாரா வாரம் எழுத எழுதச் சில விஷயங்கள் தெரியவந்தன. பசியோடு வரும் நாட்களில்தான் கை ஓங்கினேன் என்று தெரிந்து, ஆஸ்பத்திரியிலேயே பத்து மணிக்கு இரண்டு துண்டு அவித்த மரவள்ளிக்கிழங்கு சாப்பிடத் தொடங்கினேன். வீட்டுக்குள் நுழையுமுன் குழாயடியில் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொள்வது பழக்கமாயிற்று. கள்ளை நிறுத்திய முதல் மூன்று வாரம் கை நடுங்கி ஊசி பிடிக்க முடியவில்லை, நான்காவது வாரம் நின்றது. குடிக்கும் தண்ணீரைக் காய்ச்சி வடிகட்டுவது அதுவரை அம்மாவின் வேலை. லயத்துக்கெல்லாம் தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்த நான் என் வீட்டுப் பானையைத் தொட்டதில்லை. அதை நான் எடுத்துக்கொண்டேன். இன்றைக்கும் நான்தான் காய்ச்சுகிறேன். கோயிலுக்குப் போனால் கூட்டத்துக்குப் பின்னால் நின்று கும்பிட்டுவிட்டு வந்துவிடுவேன். ஆஸ்பத்திரிப் புத்தகத்தில் மறுபடி "அடி" என்று எழுத ஆரம்பித்தேன். அந்த வருஷக் கடைசியில் வேலை போயிற்று. லாபிஸுக்கு வந்து மருந்துக்கடையில் உட்கார்ந்ததெல்லாம் அதனால்தான்.

ஒரேயடியாகத் திருந்திவிட்டேன் என்று நினைக்காதே. எட்டாவது வாரம் அகப்பையால் அவள் முதுகில் அடித்தேன். அவள் அடுப்பை அணைத்தாள், உன்னைத் தூக்கினாள், கிளம்பிவிட்டாள். பின்னாலேயே லாபிஸ் ஸ்டேஷன் வரை நடந்தேன். பிளாட்பாரத்தில் அவள் ஒரு பெஞ்சில், நான் கீழே தரையில். மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். ரயில் வந்தது, நின்றது, போயிற்று. அவள் ஏறவில்லை. ஏன் ஏறவில்லை என்று நான் இதுவரை கேட்டதில்லை. நான்காம் வருஷம் ஒருமுறை பிடித்துத் தள்ளினேன், கதவில் மோதினாள். அந்த வாரம் எழுதியதை வாசிக்கும்போது உன் அம்மா எழுந்து சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள். அதற்குப் பிறகு இல்லை. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. அடிக்காமல் இருப்பதற்கு ஒரு மனுஷனுக்கு இவ்வளவு சிரமம் வேண்டியிருந்தது என்பதற்காகச் சொல்கிறேன்.

உன் விஷயத்தில் நான் செய்த தவறு வேறு. ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த நோட்டை எடுக்கும்போதெல்லாம் உன்னை வெளியே விளையாடப் போகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வேன். அப்பாவும் அம்மாவும் பூசை செய்கிறார்கள் என்று நீ நினைத்திருப்பாய். உனக்கு முன்னால் தலைகுனிய எனக்கு இஷ்டமில்லை. அடித்ததை எல்லாம் உன் கண்முன்னால் அடித்தேன். அதிலிருந்து மீளப் பட்ட பாட்டைக் கதவுக்குப் பின்னால் பட்டேன். நீ பார்த்தது முதல் பாதி மட்டும். ஐந்து வயதுவரை ஒரு அப்பா அடித்தார், அப்புறம் ஒருநாள் அம்மா அடங்கிவிட்டாள், வீடு அமைதியானது என்றுதானே உனக்குத் தோன்றியிருக்கும். அடித்தால் வீடு அமைதியாகும் என்று நீ எடுத்துக்கொண்டிருந்தால் அந்தப் பாடத்தை நடத்தியவன் நான்தான்.

ஆகவே இப்போது சொல்வதைக் கேள். இந்த ஞாயிறு வராதே. அடுத்த ஞாயிறு வா. இடையில் ஒரு சொட்டும் குடிக்காதே. கை நடுங்கினால் பயப்படாதே, எனக்கும் நடுங்கியது. கம்பெனியில் மத்தியானம் சாப்பிடாமல் கணக்கெழுதும் கிராணி வேலை பார்க்கிறாய் என்று பாக்கியம் சொல்கிறாள், சாப்பிடு. நடந்ததை நடந்தபடி எழுதிக் கொண்டுவா. அதை எனக்கு வாசித்துக்காட்ட வேண்டாம். பாக்கியத்துக்குப் படிக்கத் தெரியும், அவள் கையில் கொடு. படித்துவிட்டு உன்னோடு வருவதா, இங்கேயே இருப்பதா, உலு திராமுக்குப் போவதா என்பதை அவள் சொல்வாள். அவள் வரமாட்டேன் என்று சொன்னால் நீ தனியாகத்தான் பஸ் ஏற வேண்டும். மீறி உள்ளே வர நினைத்தால் என்னைத் தாண்டித்தான் வர வேண்டும். எனக்கு வயது அறுபது ஆகிறது, நீ தள்ளினால் விழுந்துவிடுவேன். அப்போதும் தள்ளிவிட்டுத்தான் வர வேண்டியிருக்கும். கோபம் வருவது மனுஷ சுபாவம், அது வரும்போது என்ன செய்வது என்பதை நாம்தான் பழக வேண்டும், பத்தொன்பது வருஷம் எழுதி நான் கற்றது இதுதான்.

இதுவரை எழுதிவிட்டு, இரண்டு பேருக்கும் வாசித்துக்காட்டினேன். அம்மா எப்போதும்போல வலது பக்கம் உட்கார்ந்து கேட்டாள். அஞ்சலை இடம் வந்தபோது பாக்கியம் அழுதாள். கோபத்தைப் பற்றி எழுதிய இடம் வந்ததும் கையைத் தூக்கி என்னை நிறுத்தினாள். தையல் போட்ட உதட்டோடு மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகப் பேசினாள்.

"கோபத்துல இல்ல மாமா. சாப்பிட்டு முடிச்சாரு. கை கழுவினாரு. துண்டுல தொடச்சு, துண்ட மடிச்சுக் கொடியில போட்டாரு. கடிகாரத்தக் கழட்டி ஜன்னல்ல வெச்சாரு. அப்புறந்தான் வந்து அடிச்சாரு."

நான் உன் அம்மாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, பாக்கியத்தின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"நீங்களும் அப்படித்தான்" என்றாள். "செருப்பக் கழட்டி ஓரமா ஜோடியா வெப்பீங்க. சட்டையக் கழட்டி மாட்டுவீங்க. கோபம்னா அது துரைகிட்ட ஏன் வரல? கங்காணிகிட்ட ஏன் வரல?"

"பத்தொன்பது வருஷமா கோபம் கோபம்னுதானே படிச்சேன், செல்லம்மா. ஏன் சொல்லல?" என்று உன் அம்மாவைக் கேட்டேன்.

"நீங்களாச் சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

பஸ் இரண்டு மணிக்குக் கிளம்புகிறது. டிரைவரிடம் கொடுத்தனுப்ப வேண்டும், திருத்தி எழுத நேரமில்லை. நாளை ஞாயிறு. நான் நோட்டை எடுத்து உட்கார வேண்டும். கோபம் என்ற அந்தச் சொல்லை எடுத்துவிட்டால் என்ன எழுதுவேன் என்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் உள்ளதை எழுதி முடிக்காமல் விளக்கை அணைப்பதில்லை என்று உன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். உனக்கு இன்னும் எட்டு நாள் இருக்கிறது. வரும்போது நீயும் அந்தச் சொல் இல்லாமல் எழுதிக்கொண்டு வா.

அப்பா